நாலரை நாட், வடகிழக்கு

டிசம்பர் 13, புதன்

அரையாண்டுத் தேர்வு நடப்பதால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் கட்டைப் பிரித்தாயிற்று. நாற்பத்தொரு தாள்கள்.

அதில் ஒரு கேள்வி: ஒருவர் நேர்கோட்டில் நானூறு மீட்டரை நூறு விநாடியில் கடக்கிறார். அவருடைய வேகம், திசைவேகம் காண்க. வேகம் விநாடிக்கு நான்கு மீட்டர் என்று எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறார்கள். திசைவேகத்துக்கும் வெறும் நான்கு மீட்டர் என்றே எழுதிவிட்டு இருபத்துமூன்று பேர் நிறுத்திக்கொண்டார்கள். திசை இல்லையென்றால் அரை மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று விடைக்குறிப்பு. குறைத்தேன்.

காலையில் ஆசிரியர் அறையில் விடைக்குறிப்பைப் பார்த்து விமலா டீச்சர் சண்டைக்கு வந்தார். "கேள்வியிலேயே திசை இல்லையே மெற்றில்டா. பிள்ளைங்க அத எங்க போய் எடுக்கும்?"

"திசை வேணும்னு தெரிஞ்சிருக்கணும்லா டீச்சர். கிழக்கு நோக்கின்னாவது எழுதியிருக்கலாம்."

"ஆக, கிழக்கேன்னு அடிச்சு விட்டவளுக்கு முழு மார்க்கு, தெரியாதுன்னு சும்மா இருந்தவளுக்கு அரை போச்சு. நல்ல நியாயம் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4.20க்கு வீட்டு வயர்லெஸ்ஸில், கடலுக்குப் போயிருக்கும் தம்பி வின்சிலாஸ் வந்தான். "அக்கா, கேக்குதா? காத்து கொஞ்சம் கூடியிருக்கு. நாலரை நாட்ல ஓடிட்டிருக்கோம். றீத்தாட்ட சொல்லிரு." ஆஷ்லினுடைய தாளில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். பிறகு இந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று.

ராத்திரிக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, தம்பி மனைவி றீத்தா வைத்த மீன்குழம்பு. வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டினோம். காற்றில் நிற்கவில்லை, கழற்றி உள்ளே வைத்தோம்.

ஒன்பது மணிக்குள் வந்திருக்க வேண்டும். கரைக்குப் பக்கத்தில் காற்று தணியட்டும் என்று நிற்பானாக இருக்கும்.

டிசம்பர் 14, வியாழன்

வின்சிலாஸ் வரவில்லை. அவனோடு போன பனிதாசனும் வரவில்லை.

நேற்று கடலுக்குப் போன பதினொரு வள்ளங்களில் பத்து வந்துவிட்டன. ஒன்று பக்கத்து ஊரில் கரையேறியது, இரண்டின் எஞ்சின் போய்விட்டது. ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள். தம்பியின் வள்ளம் மட்டும்தான் பாக்கி.

காணாமல் போனவர்களைக் கடலில் தேடும் அலுவலகத்துக்கு நானும் றீத்தாவும் போனோம். அதிகாரி இளைஞர், வடக்கே எங்கோ படித்தவர் போல. மேசை முழுக்க வரைபடம். கடைசியாகப் பேசியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்த இடத்தில் வலை போட்டிருந்தார்கள் என்றார். கரையிலிருந்து தென்மேற்கே இருபது மைல், புறப்படும்போது அவன் சொன்னது. எவ்வளவு எண்ணெய் மீதி இருக்கும் என்று கேட்டார். எட்டு மணி நேரம் ஓடலாம் என்றாள் றீத்தா, அவள்தான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்தவள்.

"என்ன வேகம், எந்தத் திசை? ஏதாவது சொன்னாரா மேடம்?"

பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். '4.20. நாலரை நாட். வடகிழக்கு.' அவர் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்.

"நீங்க டீச்சரா? அதான். பொதுவா வீட்ல இருக்கவங்க வேகத்த சொல்லுவாங்க, திசையச் சொல்ல மாட்டாங்க. பெரிய உதவி மேடம் இது."

தென்மேற்கே இருந்தவன் வீட்டுக்கு வர வேண்டுமானால் வடகிழக்கேதான் வர வேண்டும். காற்று கூடினால் வீட்டுக்குத்தான் வருவான். வேறு எங்கே போவான்?

டிசம்பர் 15, வெள்ளி

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். றீத்தா பிள்ளைகள் இரண்டையும் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு இருவருமே மறந்துபோனோம். குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதையே உப்புப் போட்டுக் குடித்தோம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலரை நாட் என்றால் மணிக்கு நாலரைக் கடல் மைல், எட்டு மணி நேரம் ஓடினால் முப்பத்தாறு மைல். திசை தெரியாவிட்டால் முப்பத்தாறு மைல் ஆரத்தில் ஒரு வட்டம். நாலாயிரத்து எழுபது சதுர மைல் கடல். திசை தெரிந்தால் ஒரே ஒரு கோடு. இருபது வருடமாகக் கரும்பலகையில் ஒரு அம்புக்குறியைப் போட்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்புக்குறியின் நீளம் வேகம், அதன் முனை திசை. முனை இல்லாவிட்டால் அது வெறும் கோடு.

தேடும் கப்பல் அந்தக் கோட்டில்தான் போயிருக்கிறது.

டிசம்பர் 16, சனி

வடகிழக்குப் பாதையில் இரண்டாவது முறையும் போய் வந்துவிட்டார்கள். ஒரு மிதவைகூட இல்லை.

சாயங்காலம் கடற்கரையில் றாபர்ட் அண்ணன். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். "டீச்சர், எனக்கு ஒண்ணு மனசுல ஒட்டமாட்டேங்கு. அன்னைக்கு அடிச்சது கச்சான். மேற்கேருந்து வார காத்து. அந்த அலையில வடகிழக்க திரும்புனா, பின்னாலருந்து தூக்கி வள்ளத்தக் கவுத்துரும். வின்சிலாஸ் அப்படித் திரும்புவானா? காத்துக்கு மூஞ்சியக் காட்டி மேற்கேல்லா ஓட்டியிருப்பான்."

"இல்லண்ணே. பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன்."

"அவனே சொன்னானா?"

"எழுதி வச்சிருக்கேன்லா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்தவள் எழுதி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மிச்சத் தாள்களைத் திருத்தினேன். வேறென்ன செய்வது?

டிசம்பர் 17, ஞாயிறு

காலைப் பூசையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்தார்கள். பதினொரு மணி இருக்கும், றீத்தா என் அறைக்கு வந்தாள்.

"மைனி, அவரு கடைசியாச் சொன்னத எழுதுன அந்தத் தாளத் தாங்க. நான் ஒருக்காப் பாக்கேன்."

கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு ஜன்னல் பக்கம் எழுந்து போய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ரெண்டு மையில கெடக்கே."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நாலரை நாட்டுங்கிறது செவப்பு. வடகிழக்குங்கிறது நீலம்."

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். அன்றைக்கு அவன் பேசும்போது என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. நேரத்தையும் நாலரை நாட்டையும் அதில்தான் எழுதினேன். ஆறு மணிக்கு விடைத்தாள் கட்டைக் கட்டி வைக்கையில் அந்தத் தாளின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நாலரை நாட் என்று மட்டும் இருந்தது. பாதி விடை. முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் கை தானாகப் புள்ளி வைப்பதுபோல, என் கை நீலப் பேனாவை எடுத்து வடகிழக்கு என்று சேர்த்து எழுதிவிட்டது. அப்போது அவனுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைக்கவில்லை. யாரையும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. விடையை முழுமையாக்கினேன், அவ்வளவுதான்.

ஆனால் வியாழக்கிழமை அந்த அதிகாரி கேட்டபோது எனக்குத் தெரியும். சனிக்கிழமை றாபர்ட் அண்ணன் கேட்டபோது இன்னும் நன்றாகத் தெரியும்.

"அவரு திசை சொல்லலியா?" என்றாள் றீத்தா.

"சொல்லல."

"நீங்க கேக்கலியா?"

"வயர்லெஸ்ல எல்லாரும் கேட்டுட்டிருப்பாங்கல்லா. மீன் கெடக்க இடத்த மத்தவங்க புடிச்சிருவாங்கன்னு அவங்க திசை சொல்ல மாட்டாங்க. நாமளும் கேக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

அவள் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க."

ஆட்டோவில் போனோம். அதிகாரியிடம் நான்தான் சொன்னேன். அவர் ரப்பரை எடுத்து வரைபடத்தில் இருந்த பென்சில் கோட்டை அழித்தார். கோடு போக வெகுநேரமாயிற்று, அழுத்திப் போட்டிருந்தார். காற்று, நீரோட்டம் எல்லாம் கேட்டு யார் யாருக்கோ போன் செய்தார். பகல் ஒன்றரைக்கு மேற்கே ஒரு கப்பலைத் திருப்பினார்கள்.

டிசம்பர் 18, திங்கள்

றீத்தாவிடம் நான் சொன்னது பாதிதான்.

திசையை வயர்லெஸ்ஸில் சொல்லமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எனக்கும் தம்பிக்கும் மட்டும் ஒரு வழி உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் நானே ஏற்படுத்தியது. நான் "எந்தப் பக்கம்லே?" என்று கேட்க வேண்டும். அவன் வாயைத் திறக்க மாட்டான். மைக்கில் இருக்கும் பொத்தானைத் தட்டுவான். இங்கே டக், டக் என்று கேட்கும். வடக்கென்றால் ஒன்று, கிழக்கு இரண்டு, தெற்கு மூன்று, மேற்கு நான்கு. கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது ஏதோ கோளாறு. அவனுக்கு இதில் பெரிய சந்தோஷம். "திசை சொல்லலைன்னா எங்கக்கா அரை மார்க்கக் கொறச்சிருவா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஒவ்வொரு முறையும் கேட்பேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

புதன்கிழமை ஆஷ்லினுக்கு முப்பத்தேழரையா முப்பத்தெட்டா என்று கூட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது. மேற்கே அறுபத்திரண்டு மைலில் வள்ளம் கிடைத்துவிட்டது. கவிழவில்லை. பனிதாசன் உயிரோடு இருக்கிறார்.

டிசம்பர் 20, புதன்

அடக்கம் முடிந்தது. பெட்டியைத் திறக்கவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். றீத்தா டிபன் கேரியரில் கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் போனேன்.

பனிதாசனுக்கு ஐம்பது வயது. முகம் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்துப் பேச முடியவில்லை. ஆனாலும் பேசினார். பேசாமல் இருக்க முடியாத மனுஷனைப் போல.

"மொத ராத்திரியே ஒரு அலை தூக்கிப் போட்டதுல நங்கூரம் வந்து அவனுக்க தொடையில ஏறிட்டு. நான் உடுத்தியிருந்த சாரத்தக் கிழிச்சுக் கட்டுனேன். ரெத்தம் நின்னுச்சு. பொறவு காய்ச்சல். ரெண்டு நாளு நல்லாத்தான் பேசிட்டுக் கெடந்தான் டீச்சர். தண்ணி இருந்துச்சு, அவல் இருந்துச்சு. வள்ளம் கெட்டியா நிக்கு, இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு நாந்தான் சொல்லிட்டிருந்தேன்."

"எப்பம்?" என்றாள் றீத்தா.

"ஞாயித்துக்கெழம. விடியக்காலம்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கடல்ல விட மனசு வரல மக்களே. பாயில சுத்தி, கயித்தால வள்ளத்தோடயே கட்டி வச்சேன்."

றீத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டிபன் கேரியரின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"அவன் கடைசியா நல்லாச் சிரிச்சது புதங்கெழமதான்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார், அது அவர் முகத்தில் தெரிந்தது. "காத்துக்கு எதிரா மேற்க ஓட்டிட்டிருக்கோம். வயர்லெஸ் செட்ல உங்ககிட்டப் பேசுனான்லா? பேசிட்டு மைக்க வைக்கல. பொத்தான்ல பெருவெரல வச்சிட்டு நிக்கான். என்னலே நிக்கன்னு கேட்டேன். 'இப்பம் கேப்பா பாருங்க மாமா, எந்தப் பக்கம்லேன்னு. கேக்காம விடமாட்டா எங்கக்கா. நாலு தட்டு தட்டணும்'னான். ரொம்ப நேரம் அப்படியே நின்னான். பொறவு, 'பேப்பர் திருத்துகா போல, வாத்திச்சி'ன்னு சொல்லிச் சிரிச்சான்."

றீத்தா திரும்பி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் பேருந்தில் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

டிசம்பர் 25, திங்கள்

வியாழன், வெள்ளி, சனி. அவன் உயிரோடு இருந்த அந்த நாட்களில் கப்பல் வடகிழக்கே போனது.

ஜனவரி 3, புதன்

பள்ளி திறந்தது. விடைத்தாள்களைக் கொடுத்தேன். எல்லோரும் அமைதியாக வாங்கிக்கொண்டார்கள். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆஷ்லின் மட்டும் எழுந்து நின்றாள். "டீச்சர், எனக்க பேப்பர் வரல."

"அது என்கிட்ட இல்ல மக்களே. உனக்கு முப்பத்தேழரை."

"அரை எதுல டீச்சர் போச்சு?"

"திசைவேகத்துல. திசை எழுதல நீ."

"கேள்வியில தரலியே டீச்சர்." அடம் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். "தெரியாத திசைய எப்படி எழுத?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு எதிரே முப்பத்தெட்டு என்று திருத்தினேன். பிறகு மற்ற இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அரை மதிப்பெண்ணைச் சேர்த்தேன். விடைக்குறிப்புக்கு விரோதம் என்று தலைமையாசிரியர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கிழக்கு நோக்கி, வடக்கு நோக்கி என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதினெட்டுப் பேரை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டேன். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

ஜனவரி 9, செவ்வாய்

பதினெட்டு நாளாக றீத்தா என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. சோறு ஆக்கினால் என் பங்கை மூடி வைத்துவிடுகிறாள். குழம்பில் உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவதில்லை. அவள் எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

வயர்லெஸ்ஸை அணைத்தே வைத்திருக்கிறேன். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

இன்று 4.20க்கு றீத்தா என் அறைக்கு வந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். செட்டைப் போட்டாள். இரைச்சல் வந்தது. மைக்கை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"கேளுங்க மைனி."

"வேண்டாம் பிள்ளே."

"ஒருக்காக் கேளுங்க. நீங்க கேப்பீங்கன்னு அவரு காத்துட்டு நின்னாருல்லா."

அவள் என் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தாள். அழுத்தினேன். விட்டுவிட்டேன். மறுபடியும் அழுத்தினேன்.

"எந்தப் பக்கம்லே?"

விரலை எடுத்தேன். இரைச்சல்தான். நாங்கள் இருவரும் செட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. எண்ணுவதற்கு ஒரு தட்டுகூட இல்லை. றீத்தாவின் உதடும் அசைந்தது.

திடீரென்று இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல். "ஆரு கேக்கது? மெற்றில்டா டீச்சரா?"

எனக்குத் தெரியாத குரல். எந்த ஊர் வள்ளமோ.

கொஞ்சம் பொறுத்து அந்தக் குரல் தானாகவே சொன்னது. "டீச்சர், நாங்க மூணு பேரு. கரையிலருந்து எட்டு மைல். வடகிழக்க வாறோம். அஞ்சு நாட்."

கடலில் இருப்பவர் எல்லோரும் கேட்கும்படி, ஒளிக்காமல், முழுசாகச் சொன்னார்.

றீத்தா மேசையில் கிடந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "எழுதுங்க மைனி."

மூன்று பேர். எட்டு மைல். ஐந்து நாட். வடகிழக்கு. அவர் சொன்னதை மட்டும், சொன்னபடியே எழுதினேன். அவர்கள் கரைக்கு வந்துவிட்டதாக ஆறேகாலுக்குச் சொல்லும்வரை றீத்தா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.